இரண்டு நாற்காலிகளின் மேல் கனமான போர்வையை விரித்துப் பிள்ளைகளுக்குக் கட்டும் கூடாரம் ஐந்து நிமிடத்தில் சரிந்துவிடுகிறது. நிலையாக நிற்க என்ன செய்யலாம்?

இரண்டு நாற்காலிகளின் மேல் கனமான போர்வையை விரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கூடாரமும் தொடக்கத்தில் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் தாங்கல் இல்லாத துணி தன் எடையாலேயே தொய்கிறது. தொய்யும் துணி இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் துணி வழுக்கிவிடும், அல்லது நாற்காலியே சாய்ந்துவிடும். ஆகவே போர்வையைத் தரைக்கு விரிப்பாக்கிவிட்டு, கூரைக்கு மெல்லிய பருத்திப் படுக்கை விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நாற்காலிகளைத் திருப்பி, அவற்றின் முதுகுகள் ஒன்றையொன்று பார்க்கும்படியும் இருக்கைகள் வெளிப்பக்கம் இருக்கும்படியும் வையுங்கள். விரிப்பின் ஓரத்தை முதுகின் மேலாகக் கொண்டுவந்து இருக்கையில் படியவிட்டு, அதன்மேல் நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கினால், உள்நோக்கிய இழுப்பை அந்த எடையே சமன்செய்துவிடும். முதுகின் உச்சியில் மட்டும் எடை எதையும் வைக்கக் கூடாது. அது நேராகப் பிள்ளையின் தலையில் விழும். நடுத்தொய்வு இன்னும் தொந்தரவு செய்தால், துடைப்பக் கம்பு ஒன்றை இரு முதுகுகளுக்கும் குறுக்கே வைத்து, உருளாதபடி இரு முனைகளிலும் கட்டுங்கள். கயிறு கட்டினாலும் அது நாற்காலிகளை உள்ளேதான் இழுக்கும். கம்போ சுமையைக் கீழ்நோக்கி இறக்கிவிடுகிறது.

துணியைக் கட்டுவதற்கு நான் மிகத் தாமதமாகக் கற்ற உத்தி ஒன்று உண்டு. விரிப்பின் மூலையில் சுருட்டிய காலுறை ஒன்றைப் பொதிந்து, அந்த உருண்டையின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டால், எவ்வளவு இழுத்தாலும் முடிச்சு நழுவாது, துணியிலும் ஓட்டை விழாது. துணி உலர்த்தும் கிளிப்புகள் துணியோடு துணியை நன்றாகப் பிடிக்கும்; தடித்த மரச்சட்டத்தை அவற்றால் கவ்வ முடியாது.

இவ்வளவுக்கும் நேரமில்லாத நாளில் சாப்பாட்டு மேசையே போதும். பெரும்பாலான மேசைகள் ஏறக்குறைய 75 செ.மீ. உயரமுள்ளவை என்பதால், நான்கு வயதுப் பிள்ளை தலை இடிக்காமல் அடியில் உட்காரலாம். அட்டைப்பெட்டியில் சுவர் எழுப்புவதானால், அட்டைக்குள் இருக்கும் நெளிவரிகள் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். படுக்கைவசத்தில் இருந்தால் சுவர் எளிதில் மடங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச் மட்டுமே. மெழுகுவர்த்தியோ சூடாகும் மேசைவிளக்கோ துணிக்கு அருகில் வரவே கூடாது. பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள்; ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும்; கழுத்தில் மாட்டக்கூடிய சுருக்கோ தொங்கும் கயிறோ இருக்கக் கூடாது. தொலைக்காட்சியிலும் புத்தக அலமாரியிலும் எதையும் கட்டாதீர்கள்.

இத்தனையும் சொன்ன நான் செய்த பெரிய தவறு, எல்லாவற்றையும் நானே கட்டியதுதான். கம்பு, முடிச்சு எல்லாம் சரியாக அமைந்த என் முதல் கூடாரத்தில் மகள் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. அடுத்த முறை கம்பைக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டு, வாசல் எங்கே வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நான் நுழையவே முடியாத அளவுக்குத் தாழ்வாக ஓர் ஓட்டையைக் காட்டினாள். அதுதான் அவளுடைய நோக்கமும் என்று பிறகு புரிந்தது. அந்தக் கூடாரம் மூன்று நாள் நின்றது. நாற்காலிகள் எல்லாம் அதில் இருந்ததால், நாங்கள்தான் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதாயிற்று.