புது இணைப்புக்குக் கமிட்டி பணம் கேட்டால்

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வாங்கினேன், ஜலநிதி (ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்தும் கேரளக் குடிநீர்த் திட்டம்) இணைப்புக்கு ஊர்க் கமிட்டி மொத்தமாக ஒரு தொகை கேட்கிறது, அரசாங்கத் தண்ணிக்கு எதற்குப் பணம் என்று எழுதியிருந்தீர்கள்.

முழுக்க அரசாங்கத் தண்ணி இல்லைங்க. முதல் கட்டத் திட்டங்களில் செலவில் 75 சதவீதம் அரசு, 10 பஞ்சாயத்து, மீதி 15 வீட்டுக்காரர்கள் போட்டது. மோட்டாரின் கரண்ட் பில், பம்ப் ஓட்டுபவர் சம்பளம், பைப் ரிப்பேர் எல்லாம் இன்றைக்கும் உறுப்பினர் காசுதான். அன்று அவர்கள் போட்டதற்கு ஈடாகத்தான் உங்களிடம் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, எவ்வளவு என்பதைப் பேசலாம். பொதுக்குழுத் தீர்மானத்தைக் காட்டச் சொல்லுங்கள். மலையாளத்தில் இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது படித்துச் சொல்லும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

அப்புறம், இணைப்பு வந்ததும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். உள்ளே குட்டிச் சக்கரம் சுற்றினால் உங்கள் பக்கம் எங்கோ ஒழுகுகிறது. எங்கள் வீட்டில் கக்கூஸ் தொட்டி மிதவைதான் திருடன், இரண்டு மாத பில்லுக்கு அப்புறம்தான் பிடிபட்டான். தண்ணி திறந்துவிடும் நேரத்தில் பைப்பில் இருக்கும் காற்றும் சக்கரத்தைச் சுற்றும், அதனால் தண்ணி நிதானமாக வந்தபிறகு பாருங்கள்.