தாத்தாவின் பிச்சாத்தியை விற்கலாமா?

கேள்வி: இந்தக் குமரி மாவட்ட வட்டங்கள் 1956-இல் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பே, எங்கள் தாத்தா ஊர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்கிய பிச்சாத்திக் கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறது. அலகு ஏழரை அங்குலம், பித்தளைப் பூண், கொம்புக் கைப்பிடி. அது மிளாவின் (கடமானின்) கொம்பு என்று அம்மா சொல்வார். அலகில் கறுப்புத் திட்டுகளும், முதுகை ஒட்டிக் குறுக்கும் மறுக்குமாகச் சில கோடுகளும் இருக்கின்றன. கத்தி சேகரிப்பவர்கள் இருவர், பாறசாலையில் ஒருவரும் பெங்களூருவில் ஒருவரும், விலை கேட்கிறார்கள். இது பழைய உருக்கு எஃகு என்று சொல்லலாமா? பட்டறையில் கொடுத்துக் கறையையும் கோடுகளையும் தேய்த்து எடுத்துவிட்டு விற்பது நல்லதா? என்ன விலை சொல்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மார்த்தாண்டம்

பதில்: விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கைப்பிடியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மிளாவும் புள்ளிமானும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றின் கொம்பில் செய்த பொருளைத் தாத்தா காலத்தது என்ற காரணத்துக்காக விற்றுவிட முடியாது. முறையான உரிமைச் சான்று வைத்திருப்பவர்கூட அதை விலைக்குக் கொடுக்கக் கூடாது என்பதே சட்டம். எனவே முதலில் அது என்ன கொம்பு என்று பாருங்கள். மிளாக் கொம்பின் புறத்தோற்றம் மரப்பட்டை போல நெடுக வரிப்பள்ளங்களோடு இருக்கும். கைப்பிடியின் அடிமுனையில் வெட்டுமுகம் தெரிந்தால், நடுவில் கடற்பஞ்சு போலச் சிறு துளைகள் நிறைந்த பகுதி காணப்படும். எருமைக் கொம்பு அப்படியன்று. வழவழப்பாக இருக்கும், துளைகள் இரா, மெலிந்த ஓரத்தில் டார்ச் ஒளியைப் பிடித்தால் பழுப்பாக ஒளி ஊடுருவும். நீங்கள் அனுப்பிய படத்தில் பூண் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கைப்பிடி தெரியவில்லை. அம்மா சொன்னது தவறாகவும் இருக்கலாம்; நம் பக்கத்து வீடுகளில் வரியோடிய கொம்பையெல்லாம் மிளாக் கொம்பு என்றே சொல்வார்கள். எருமைக் கொம்பாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. மிளாவாகவே இருந்தால் விற்பனைப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, விவரம் அறிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கைப்பிடியைக் கழற்றி வீசிவிட்டு அலகை மட்டும் விற்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

ஆயுதச் சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் வாங்குபவர் கேட்பார். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்காகச் செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், அது ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். உங்கள் கத்தியின் நீளம் அதற்குள் இருக்கிறது. அகலத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். நூறு ஆண்டுகளைத் தாண்டிய பொருள்களுக்கான தொல்பொருள் சட்டமும் இதற்குப் பொருந்தாது.

இனி உருக்கு. மூசை என்ற மண்குவளையில் உருக்கி எடுத்த பழைய தென்னிந்திய எஃகின் பெயரைக் கேட்டதும் சேகரிப்பாளர்கள் கண் விரிப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. 1950-களில் ஊர்க் கொல்லர் உலையில் வைத்து அடித்தது பெரும்பாலும் லாரியின் வில்பட்டையாகவோ தேய்ந்துபோன அரமாகவோதான் இருக்கும். உங்கள் படத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது நீங்கள் தேய்த்து எடுக்க நினைக்கும் அந்தக் கோடுகளே. பூணிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, முதுகை ஒட்டி, ஒரே இடைவெளியில் சாய்வாக ஓடும் ஒரு வரிசையும் அதை வெட்டிச் செல்லும் மற்றொரு வரிசையும் தெரிகின்றன. கீறல் இவ்வளவு ஒழுங்காக விழாது. அது அரத்தின் பல். பழைய அரத்தைக் காய்ச்சி அடித்து நீட்டியவர், வாய்ப் பக்கத்தை முழுக்கத் தட்டி மெலிதாக்கிவிட்டு, முதுகுப் பக்கத்தில் பல்லின் தடத்தை அப்படியே விட்டிருக்கிறார். லாரிப் பட்டையில் கரிமம் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நல்ல அரத்தில் அது ஒரு விழுக்காட்டுக்கும் மேல். காய்ச்சிய அலகை நீரிலோ எண்ணெயிலோ முக்கும் தோய்ச்சல் சரியாக அமைந்தால் அரத்துக் கத்தியின் வாய் நீண்ட நாள் மழுங்காது. உருக்கு என்று பொய் சொல்லி ஒருவரிடம் விற்பதைவிட, ‘அரத்தை அடித்துச் செய்தது, தடம் இதோ’ என்று படம் காட்டி விற்பதில்தான் உங்களுக்கு மரியாதையும் காசும் இருக்கின்றன. நகைக்கடையில் தங்கம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் செலவு செய்யாதீர்கள். கரிமத்தின் அளவை அக்கருவி காட்டாது.

ஆகவே பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பழைய வெட்டுக்கத்தியை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, பெருமையோடு ஒருவரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நேற்றுச் செய்ததா?” என்று கேட்டார். கறுப்புத் திட்டு வேறு, துரு வேறு. விரலால் தடவினால் செம்பொடி ஒட்டுவது துரு. அதை மட்டும் தையல் மிஷின் எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியால் மெதுவாக எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடிக்கும். பூணுக்குள் கைப்பிடி ஆடினாலும் பசை ஊற்றி ஒட்டாதீர்கள். பழைய கத்திகளில் அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள், அதைச் சரிசெய்வதா வேண்டாமா என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும்.

விலைக்கு என்னிடம் ஒரு தொகை இல்லை. இன்று இதே அளவில் ஒரு கத்தியைக் கையால் அடித்துத் தர ஒரு நல்ல கொல்லர் என்ன கூலி கேட்பாரோ, அதை உங்கள் அடிவிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் சொல்லி நிரூபிக்க முடிந்த வரலாற்றுக்குத்தான். உங்கள் படத்தில் பூணருகே தெரியும் சிறு பூ முத்திரை யாருடையது என்று விசாரியுங்கள். அந்தக் கொல்லர் குடும்பம் இன்னும் ஊரில் இருந்து, அதே முத்திரையுள்ள வேறொரு கருவியை எடுத்துக் காட்டினால், அந்த ஒரு புகைப்படம் உங்கள் பேரத்தை நிமிர்த்திவிடும். இருவருக்கும் ஒரே படங்களை அனுப்புங்கள்: நிழலில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, இரு பக்கமும் முதுகும் முனையும் கைப்பிடியின் அடியும் தெரியும்படி. வாயில் சிறு உடைவு இருந்தால் அதையே முதல் படமாக வையுங்கள். பிறகு குறை சொல்லி விலையைக் குறைக்க இடமிராது.

கேள்வி: கொம்புச் சிக்கல் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பாறசாலைக்காரருக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? பெங்களூருவுக்கு எப்படி அனுப்புவது?

பதில்: அலகை அட்டையில் சுற்றி, நூலால் கட்டி, பையின் அடியில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள், இடுப்பில் வேண்டாம். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால் காட்டுவதற்கு, விற்பவர், வாங்குபவர், கத்தியின் அளவு, படம் ஆகியவை அடங்கிய ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்கட்டும். கத்தி வைத்திருப்பதற்கு ஏதேனும் தடை அறிவிப்பு அந்தச் சமயத்தில் நடப்பில் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது. கூரியரில் அனுப்பினால் உள்ளே இருப்பது என்ன என்பதை மறைக்காமல் எழுதி, ஏற்றுக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோலுறைக்குள் போட்டு அனுப்ப வேண்டாம். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மாவட்டத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அலகு வழியிலேயே துருப்பிடிக்கும். உறையைத் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் வைக்கலாம். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை அனுப்பி, யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால், அவர் கத்தி வாங்க வந்தவர் அல்லர். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை.