ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஸ்பீக்கர்: கார் ஆடியோ கேள்வி பதில்

கேள்வி (சேலம்): முன்கதவுகளில் 60 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் திறன்), 4 ஓம் (மின் தடை) காம்போனண்ட் ஸ்பீக்கர்கள் (ட்வீட்டர் தனியாக வரும் வகை) உள்ளன. அதைவிடக் கூடுதல் வாட் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகிவிடும், 40 வாட் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: சேனலுக்கு 60 முதல் 75 வாட் வரை ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். வாட் குறைவு என்பதாலேயே ஸ்பீக்கர் கெடாது. அளவோடு கேட்பவருக்கு 40 வாட் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும்போது, அந்த ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை எட்டி, அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டத் தொடங்குகிறது. கிளிப்பிங் என்பது இதுதான். முழுமையாகக் கிளிப் ஆன நிலையில் அதே ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 80 வாட் வரை தள்ளக்கூடும். அந்த வெப்பத்தில் முதலில் போவது மெல்லிய கம்பியில் சுற்றிய, உயர் ஒலிக்கான ட்வீட்டரின் காயில். தவிலில் ஓர் அடி விழும் கணத்தில் சராசரியைவிடப் பத்து மடங்கு வாட் தேவைப்படுவது சாதாரணம் என்பதால், சற்றுக் கூடுதல் திறன் வைத்துக்கொள்வது ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பே. கெயின் என்னும் குமிழை மட்டும், கீழே திருச்சி பதிலில் சொல்லியிருப்பதுபோல், முறையாக அமைத்துவிட வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பெட்டியில் 1200 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: கணநேர உச்சத்தைச் சொல்லும் பீக், மேக்ஸ் என்ற எண்களை அறவே ஒதுக்கிவிடுங்கள். எத்தனை ஓமில் எத்தனை வாட் ஆர்எம்எஸ் என்பது ஒன்றே கணக்கு. 2003இல் வந்த சிஇஏ-2006 என்னும் அளவீட்டு முறை, 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேற்படாத சிதைவோடு கிடைக்கும் வாட்டைத்தான் குறிக்கச் சொல்கிறது. அந்த முத்திரை இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரிலேயே செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 13.8 வோல்ட்டில் உள்ளே போவதே 414 வாட். மின்சாரம் அதிகம் வீணாகாத கிளாஸ் டி வகையில் அதில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே வருவதாகக் கொண்டாலும் சுமார் 330 வாட்தான் தேறும். மீதி எல்லாம் அச்சு மை. ஸ்டீரியோவின் முகப்பில் உள்ள "50×4" (நான்கு சேனலுக்கும் தலா 50 வாட்) என்பதும் இதே கதைதான். பெரும்பாலானவற்றில் உண்மையில் கிடைப்பது சேனலுக்கு 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

கேள்வி (மதுரை): மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் தருகிறது, 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று கையேடு சொல்கிறது. இரட்டை 4 ஓம் காயில் உள்ள 12 அங்குல சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று இருக்கிறது, அதன் அளவு 250 வாட் ஆர்எம்எஸ். அதேபோல் இன்னொன்றும் வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் கேட்டது நல்லது. இப்போது இருக்கும் ஒன்றில் இரு காயில்களையும் பேரலலாக (பக்க இணைப்பாக) இணைத்தால் 2 ஓம், சீரிஸாக (தொடர் இணைப்பாக) இணைத்தால் 8 ஓம். பேரலலில் வைத்து, கெயினை 250 வாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே மாதிரி இரண்டாவது வந்ததும்தான் சிக்கல். நான்கு காயில்களையும் சமமாகப் பயன்படுத்தி இணைத்தால் 1 ஓம், 4 ஓம், 16 ஓம் ஆகிய மூன்றே மூன்றுதான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய 2 ஓம் எப்படி இணைத்தாலும் வராது. 1 ஓமில் ஆம்ப்ளிஃபயர் புரொடெக்ட் விளக்கைக் காட்டி நின்றுவிடும், அல்லது எரியும். 4 ஓமில் ஒவ்வொன்றுக்கும் 150 வாட்தான் போகும். கையில் உள்ளதை விற்றுவிட்டு, இரட்டை 2 ஓம் காயில் உள்ளவற்றை இரண்டாக வாங்குங்கள் என்பதே என் கருத்து: ஒவ்வொன்றிலும் காயில்களைச் சீரிஸாக்கி, இரண்டு சப்வூஃபர்களையும் பேரலலாக்கினால் சரியாக 2 ஓம், தலைக்கு 250 வாட். இணைத்தபின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுமுன் வயர் முனைகளை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின் தடை என்பதால் 2 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவே வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. 1 ஓமை ஒட்டிக் காட்டினால் மட்டும் இணைப்பை மறுபடி பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரின் பின் இரண்டு சேனல்களை பிரிட்ஜ் செய்து (ஒன்றாகச் சேர்த்து) 2 ஓம் சப்வூஃபர் ஓட்டலாமா?

பதில்: கூடாது. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். 2 ஓம் அங்கே 1 ஓமாகிவிடும். 4 ஓம் சப்வூஃபர் மட்டுமே.

கேள்வி (திருச்சி): கெயினை எவ்வளவு வைப்பது? முழுதாகத் திருப்பினால்தான் முழு வாட்டும் வரும் என்கிறார் நண்பர்.

பதில்: கெயின் என்பது ஒலியைக் கூட்டும் குமிழ் அன்று. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்பதற்கேற்ப ஆம்ப்ளிஃபயரின் உள்வாங்கலைச் சரிசெய்வதற்கே அது இருக்கிறது. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைக்கும்: 60 வாட், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட், 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் அளவுக்கு உயர்த்துங்கள். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு 400 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அந்த எண் வரும்வரை கெயினை மெதுவாகத் திருப்புங்கள். மலிவான மீட்டர்கள் உயர் அலைவரிசையில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 1000 ஹெர்ட்ஸைச் சொல்லவில்லை. பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) போட்டுவிடுங்கள்.

கேள்வி (கோவை): பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் வாங்கவா?

பதில்: முதலில் வயரைப் பாருங்கள். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் (தடிமன் அளவு) செம்பு வயர் வேண்டும். கிட் என்று விற்கப்படும் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம், அதே கேஜில் வோல்ட் இழப்பு கூடுதல். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இல்லையென்றால் இன்றே போடுங்கள். அந்த வயர் உராய்ந்து பாடியில் பட்டால் கார் தீப்பிடிக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் மங்கினால், ஆல்டர்னேட்டரின் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். கெப்பாசிட்டர் அதற்கு மருந்தாகாது.