முத்திரை குத்திட்டா அறிக்கைய படிக்க வேண்டாம் பாருங்க

வணக்கம் சார்,

தென்காசி பக்கம் அரசுப் பள்ளியில வாத்தியாரா இருக்கேன். பள்ளிகள்ல சாதிச் சண்டைய தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குடுத்த அறிக்கை பத்தி நீங்க எழுதுனத எங்க ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல போட்டேன். மாணவர்கள் கையில சாதிக் கலர் கயிறு கட்டக் கூடாதுங்கறது சரிதான், ஆனா சாதிப் பேர் இருக்குன்னு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பேர மாத்துறத யோசிச்சு செய்யணும்னு ஒரு வரியும் சேர்த்தேன். கொஞ்ச நேரத்துல ஒருத்தர் என்னை 200 ரூபா உபி, அதாவது காசுக்குக் கூவுற திமுக உடன்பிறப்புங்கறார், இன்னொருத்தர் சங்கி, அதாவது இந்துத்துவா ஆளுங்கறார். ஒரே மெசேஜுக்கு! இந்த முத்திரை எல்லாத்தையும் தூக்கிப் போட்டாத்தான் நேர்மையா பேச முடியுமோ? பேர் போட வேண்டாம்.

---

வணக்கம் சார்,

ஒரே மெசேஜுக்கு ரெண்டு பட்டமும் வாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல, வாழ்த்துகள்.

ஆனா முத்திரையே வேணாம்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். ஒருத்தர் தானா முன்வந்து நான் பெரியாரிஸ்ட், நான் கம்யூனிஸ்ட், நான் இந்துத்துவான்னு சொல்லிக்கிட்டா நமக்கு வசதிதான், அப்புறம் உங்க கட்சி வேட்பாளர் லிஸ்ட் ஏன் இப்படி இருக்கு, உங்க வீட்டுக் கல்யாணம் ஏன் சொந்த சாதியிலயே நடக்குதுன்னு கேக்க ஒரு பிடி கிடைக்குது. நான் எதுலயும் இல்லைங்கறவர்கிட்ட அந்தப் பிடி கிடையாது. சாதியெல்லாம் யார் சார் பாக்குறா இப்பன்னு கேக்குறவர் மேட்ரிமோனி சைட்ல என்ன ஃபில்டர் போட்டு வச்சிருக்கார்னு பாருங்க.

அடுத்தவன் நெத்தியில நாம ஒட்டுற முத்திரைதான் கெடுக்குது, ஏன்னா அத ஒட்டுனதும் அவன் சொன்னத படிக்கிற வேலை மிச்சம்.

சந்துரு அறிக்கைக்கு நடந்ததே அதுதான். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டுனாங்க, அதுக்கப்புறம் போட்ட ஒருநபர் குழு 2024 ஜூன்ல 600 பக்கத்துக்கு மேல அறிக்கை குடுத்துச்சு. பள்ளிப் பேர்ல சாதி கூடாது, மாணவர்கள அகரவரிசைப்படி உக்கார வைக்கணும், அட்டெண்டன்ஸ்ல சாதி விவரம் இருக்கக் கூடாது, அந்தந்த ஏரியாவுல பெரும்பான்மையா இருக்கற சாதிக்காரங்கள அங்கயே தலைமையாசிரியரா போடக் கூடாதுன்னு எவ்வளவோ இருக்கு. டிவி விவாதம் என்னத்தப் பத்தி? நெத்திப் பொட்டு. கலர் கயிறு, மோதிரத்தோட நெத்தியில வைக்கற குறியும் வேணாம்னு அதுல இருந்துச்சு, உடனே இந்து விரோத அறிக்கைன்னு ஒரு பக்கம் ஆரம்பிச்சாங்க, சென்னை மாநகராட்சிக் கூட்டத்துல ஒரு பாஜக கவுன்சிலர் நகலையே கிழிச்சாங்க. இன்னொரு பக்கம் எதிர்க்கறவன் எல்லாம் சங்கி. முடிஞ்சுது.

(கல்வி காவிமயமாகுதான்னு ஆராயணும்னு அறிக்கையிலயே ஒரு பரிந்துரை இருக்கு. சாதிய விசாரிக்க வந்த குழுவுக்கு அது எதுக்கு? வர்ற சண்டைய தானே வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரிதான்.)

2019ல இதே கயிறு மேட்டர் வந்தப்போ இருந்தது அதிமுக ஆட்சி. கயிறு கட்டுற பள்ளிகள கண்டுபிடிச்சு தடுக்கச் சொல்லி பள்ளிக்கல்வி இயக்குநரகம் சுற்றறிக்கை விட்டுச்சு, இந்து விரோதம்னு பாஜகவோட எச்.ராஜா சத்தம் போட்டார், பழைய நடைமுறையே தொடரும்னு அமைச்சர் செங்கோட்டையன் பின்வாங்குனார். திராவிட மாடல்ங்கற பேச்சே அப்ப கிடையாது.

இப்ப உங்க கள்ளர் பள்ளிக்கு வர்றேன். மதுரை, தேனி, திண்டுக்கல்ல கிட்டத்தட்ட 300 பள்ளி. வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துல கள்ளர் சமூகத்தையே கைரேகை வாங்கி, ராத்திரி ஸ்டேஷன்ல போய் படுக்கச் சொன்ன காலம், அத எதிர்த்து 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல செத்திருக்காங்க, அந்தக் காலத்துலதான் கள்ளர் சீரமைப்புன்னு இந்தப் பள்ளிகளும் வந்துச்சு. அந்தப் பேர் எங்க தாத்தா பட்ட பாட்டுக்கு சாட்சிங்கறவர சாதிவெறியன்னு ஒரே வார்த்தையில தள்ளிவிட முடியாது. அதே சமயம் அந்த போர்டுக்குக் கீழ தினம் நுழையுற ஒரு தலித் பொண்ணுக்கு அது என்ன சொல்லுதுன்னு அவரும் யோசிக்கணும், நான் அந்தப் பொண்ணு பக்கம்தான், பேர எடுத்துட்டு பெருங்காமநல்லூர பாடப்புத்தகத்துல நல்லா விரிவா வைங்கம்பேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதே வரிசையில வருது. எல்லாத்தையும் பள்ளிக்கல்வித் துறையோட சேர்க்கப் போறோம்னு 2023 பட்ஜெட்லயே சொன்னாங்க. தனித் துறைன்னா தனி நிதி, சேர்த்துட்டா அது கரைஞ்சிடுமோங்கற பயமும் நியாயம், தனியா விட்டதாலதான் கவனிக்க ஆளில்லாம கிடக்குங்கறதும் நியாயம். இதுல எது திராவிடம், எது தேசியம், எது இடதுசாரி, சொல்லுங்க பாப்போம்!

குரூப்ல அந்த ரெண்டு பேர்ட்டயும் நான் உபியா சங்கியான்னு நிரூபிச்சுக்கிட்டு இருக்காதீங்க. பெரும்பான்மை சாதித் தலைமையாசிரியர் பத்தின பரிந்துரைய மட்டும் போட்டோ எடுத்துப் போட்டு உங்க கருத்து என்னன்னு கேளுங்க, எத்தன பேர் ப்ளூ டிக்கோட நிக்கிறாங்கன்னு பாருங்க.

அப்புறம் எனக்கு ஒரு விஷயம் தெரியணும். உங்க ஸ்கூல்ல பசங்க இப்ப எந்த வரிசையில உக்கார்றாங்க? ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தா எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்கன்னு கிளாஸ்ல வச்சேதான் இன்னும் கூப்பிடுறாங்களா? அடுத்த கடிதத்துல எழுதுங்க.