தினமும் முழு வேகத்தில் ஓடியும் டைமிங் குறையவில்லையே, ஏன்?

வாசகர் கேள்வி: ராணுவ உடல் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். 2.4 கிலோமீட்டரை 11 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எனக்கு 12 நிமிடம் 30 வினாடி ஆகிறது. வாரத்தில் ஆறு நாளும் அதே தூரத்தை என்னால் முடிந்த அளவு வேகமாக ஓடுகிறேன். இரண்டு மாதமாக ஒரு வினாடிகூடக் குறையவில்லை. காலின் முன் எலும்பு ஓரமாக வலியும் வருகிறது. தேர்வுக்குப் பத்து வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உழைப்பில் குறை இல்லை. ஆனால் தினமும் நீங்கள் செய்வது பயிற்சி இல்லை, தேர்வு. தேர்வு எழுதிக்கொண்டே இருந்தால் பாடம் எப்போது படிப்பது? உடம்பு தேறுவது ஓடும்போது இல்லை, ஓடி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான். அந்த ஓய்வை நீங்கள் தரவே இல்லை. வலிக்கும் அதுதான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

பதினொரு நிமிட ஓட்டத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பங்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தித்தான் கிடைக்கிறது. இதயமும் தசைகளும் ஆக்சிஜனை எவ்வளவு நன்றாகக் கையாளுகின்றன என்பதை இந்த ஓட்டம் காட்டிவிடும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் 12 நிமிட ஓட்டச் சோதனையை அறிமுகப்படுத்தியதும் இதை அளக்கத்தான். இந்தத் திறன் வளர, மெதுவாக நீண்ட நேரம் ஓடியாக வேண்டும். பையன்கள் பெரும்பாலும் கேட்க மறுப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

இனி வாரத்தில் நான்கு நாள் ஓடினால் போதும். அதில் இரண்டு நாள் மெதுவான ஓட்டம், முதலில் 30 நிமிடம், போகப் போக 45 வரை. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆனாலும் சரி. இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும், தோன்றட்டும். ஓடி முடித்ததும் 80 மீட்டர் தூரத்தை நான்கு முறை, உடம்பை இறுக்காமல் வேகமாக ஓடிப் பாருங்கள். கால்கள் வேகத்தை மறக்காமல் இருக்க இது போதும்.

மூன்றாவது நாள் இன்டர்வெல், அதாவது தூரத்தைத் துண்டுகளாகப் பிரித்து, நடுநடுவே ஓய்வெடுத்து வேகமாக ஓடும் பயிற்சி. 400 மீட்டர் ட்ராக்கில் 2.4 கிலோமீட்டர் என்பது சரியாக ஆறு சுற்று. இப்போது ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 5 வினாடி எடுக்கிறீர்கள். 11 நிமிடத்துக்கு அது 1 நிமிடம் 50 வினாடியாக வேண்டும். அந்த வேகத்தில் ஆறு சுற்றையும் சேர்த்து ஓட இன்று முடியாது, ஆனால் துண்டு துண்டாக ஓட முடியும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு சுற்றையும் 1:57-ல் ஓடி, நடுவே 2 நிமிடம் நடங்கள். மொத்தம் ஆறு சுற்று. மூன்றாம், நான்காம் வாரத்தில் சுற்றை 1:50-க்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டாம், துண்டின் நீளத்தைக் கூட்டுங்கள்: ஐந்தாம், ஆறாம் வாரம் 600 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 2:45. ஏழாம், எட்டாம் வாரம் 800 மீட்டர் மூன்று முறை, ஒவ்வொன்றும் 3:40. ஒன்பதாம் வாரம் 1200 மீட்டர் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 5:30. ஓய்வு இரண்டிலிருந்து நான்கு நிமிடம். எப்படிப் பிரித்தாலும் மொத்தத் தூரம் அதே 2.4 கிலோமீட்டர்தான், அதைக் கவனித்தீர்களா? முதல் துண்டை ஆவேசமாக ஓடிவிட்டுக் கடைசித் துண்டில் தள்ளாடினால் அன்றைய பயிற்சி வீண். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முடியவில்லையா, அடுத்த வாரமும் அதே படியில் நில்லுங்கள்.

நான்காவது நாள் 20 நிமிடம் நடுத்தர வேகம், கிலோமீட்டருக்கு 5:45 போல. இரண்டு மூன்று வார்த்தைதான் பேச வர வேண்டும். இன்டர்வெல் நாளுக்கும் இதற்கும் இடையில் குறைந்தது ஒரு நாளாவது மெதுவான ஓட்டமோ ஓய்வோ இருக்கட்டும்.

இனி வலி. எலும்பின் ஓரமாக நீளவாக்கில் வலித்து, ஓய்வில் குறைந்தால் அது பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஓட்டத்தால் வருவது. முதல் வாரம் இன்டர்வெல்லை விட்டுவிட்டு சைக்கிளோ நீச்சலோ செய்யுங்கள், வலி அடங்கியதும் மேலே சொன்ன வரிசையைத் தொடங்கலாம். மண் தரை கிடைத்தால் மெதுவான ஓட்டத்தை அதில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். ஆனால் விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓடவே கூடாது. எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். அதோடு ஓடினால் பத்து வாரமும் போய்விடும். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலும் அப்படித்தான், உடனே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

உங்கள் தேர்வில் புஷ் அப், சிட் அப் முடித்த கையோடு ஓட வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வரிசையில் பயிற்சி செய்யுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், பட்டினி கிடக்கும் உடம்பு தேறாது.

முழுத் தூரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடிப் பார்ப்பது ஐந்தாம் வாரக் கடைசியில் ஒருமுறை, எட்டாம் வாரக் கடைசியில் ஒருமுறை. அந்த வாரங்களில் நடுத்தர வேக ஓட்டத்துக்குப் பதில் இது. பத்தாம் வாரம் ஓடும் அளவைப் பாதியாகக் குறையுங்கள். பயத்தில் அந்த வாரம் கூடுதலாக ஓடுபவர்கள் களைத்த காலோடுதான் தேர்வுக்குப் போவார்கள். 90 வினாடி பெரிய தூரம்தான், உறுதி தர மாட்டேன். ஆனால் இதுவரை முறையான பயிற்சியே இல்லாத உடம்பு என்பதால் நல்ல முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம்.

தேர்வு நாளில் புது ஷூ வேண்டாம். சாப்பாடு ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். பத்து நிமிடம் ஜாகிங், மூன்று நான்கு சிறு வேக ஓட்டம், அப்புறம் கோட்டுக்குப் போங்கள். விசில் அடித்ததும் கூட்டம் பாய்ந்து ஓடும், கூடவே பாயாதீர்கள். முதல் சுற்றை 1:50-ல் முடித்தால் போதும், 1:35-ல் முடித்தால் நான்காவது சுற்றில் அதற்கு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். மனம் தளர்வதும் அந்த நான்காவது, ஐந்தாவது சுற்றில்தான். அங்கே நேரத்தைப் பிடித்துக்கொண்டால், கடைசிச் சுற்றின் பாதியிலிருந்து மிச்சம் இருப்பதை எல்லாம் போட்டு ஓடலாம்.