டோர் பேட் மாற்றிய பிறகு சுவிட்ச் வேலை செய்யவில்லையா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். என் காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் டோர் பேட், அதாவது கதவின் உட்புறத்தை மூடும் பலகை, விரிசல் விட்டுவிட்டது. ஜே.சி. ரோடு கடை ஒன்றில் பழையது ஒன்றை வாங்கி, கூலி கொடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருப்பும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. மற்ற மூன்று கதவுகளில் உள்ள ஜன்னல் சுவிட்சுகளும் வேலை செய்யவில்லை. "சுவிட்ச் முன்பே பழுது, புதிதாக வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். ஓட்டுநர் கதவில் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் ஜன்னல் பூட்டு பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேடை மாட்டும்போது கை பட்டிருக்கலாம். அது அழுந்தியிருந்தால் மற்ற கதவுகளில் உள்ள ஜன்னல் சுவிட்சுகள் வேலை செய்யாது.

பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அதன் கப்ளர், அதாவது ஒயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு, சரியாக மாட்டப்படவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன். கப்ளரின் மேல் சிறிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டு, கூட்டைப் பிடித்து இழுத்தால் எளிதாகக் கழன்றுவிடும். சிலவற்றில் நாக்கின் மேல் சிவப்பு அல்லது வெள்ளை நிறத்தில் இன்னொரு பூட்டு உண்டு. முதலில் அதை நகர்த்த வேண்டும். அவசரக்காரர்கள் ஒயரைப் பிடித்துப் பிடுங்குவார்கள். அப்போது உள்ளே இருக்கும் உலோக முனை தன் இடத்தைவிட்டுப் பின்னால் நழுவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கப்ளர் ஒழுங்காக மாட்டியதுபோலவே தெரியும்; மின்சாரம் மட்டும் போகாது. நல்ல சுவிட்சைப் பழுது என்று முடிவுகட்டிப் புதிதை விற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம்.

ஆகவே அதே கடைக்குப் போய், பேடை உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். கப்ளரைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு ஒயரின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். பேடைக் கதவோடு பிடித்து வைக்கும் கிளிப்புகளை அடித்துப் பொருத்துவதற்கு முன்பே எல்லாச் சுவிட்சுகளையும் இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

நீங்களே கழற்றுவதானால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பிரித்துவிடுங்கள். கைப்பிடிக்குள்ளும் கைதாங்கியிலும் சின்ன மூடிகளுக்கு அடியில் ஸ்குரூக்கள் ஒளிந்திருக்கும். கீழ்விளிம்பிலிருந்து கிளிப்புகளை நெம்பி, பேடை மேலே தூக்கி எடுங்கள். அதை ஒயரில் தொங்கவிடாதீர்கள், பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைத் திரும்ப இணைத்தபின், ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னலுக்கு அந்த வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். முறை காரின் கையேட்டில் இருக்கும்.

பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பாருங்கள். கிழிந்திருந்தால் பெங்களூரு மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் கசியும். அதைத் திரும்ப ஒட்டித் தருவதும் மாட்டியவரின் வேலைதான்.

கடைக்காரர் மறுத்தால்? கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை என்பதால் அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. அதில் குறை இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேடுக்கும் கூலிக்கும் பில் இருக்கிறதா? இல்லையென்றால் பணம் அனுப்பிய பதிவையும், அவர் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கி வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சுவிட்ச் முன்பு வேலை செய்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் உங்களுடையது. அதனால் அடுத்த முறை வண்டியை ஒப்படைக்கும் முன், கடைக்காரரை அருகில் வைத்துக்கொண்டு எல்லாச் சுவிட்சுகளையும் இயக்கி, போனில் படம்பிடித்துக்கொள்ளுங்கள்.