எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடிக்கும் பிள்ளைக்குப் பெரிய நிறுவனமா, சின்ன அமைப்பா?

உங்கள் மகளை இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று சென்னை வியாசர்பாடியில் ஆறு பேர் மட்டும் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம். இன்னொன்று பல மாவட்டங்களில் கிளை உள்ள பெரிய நிறுவனம். பெரிய இடம்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, அங்கே ஒரு கேஸ், அதாவது உதவி தேவைப்படும் ஒருவரின் விவகாரம், எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் அமைப்பில் உங்கள் மகளே வீட்டுக்குப் போவாள், தலைமையாசிரியரைப் பார்ப்பாள், அப்பாவிடம் பேசுவாள், சாயங்காலம் டியூஷன் சென்டரிலும் உட்காருவாள். செலவுக்கு வவுச்சர் எழுதுவதும் அவள்தான். ஒரே வருடத்தில் எல்லா வேலையும் கைக்கு வந்துவிடும். ஆனால் செய்தது சரியா தவறா என்று சொல்ல மேலே ஆள் இருக்காது. இயக்குநர் ஊரில் இல்லை என்றால் எதுவும் நகராது. கேஸ் விவரம் ஃபைலில் இல்லாமல் ஆளின் தலையில் இருக்கும். அந்த ஆள் வேலையை விட்டால் குடும்பம் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பெரிய நிறுவனத்தில் அதே பையனின் கேஸ் துண்டு துண்டாகப் பிரியும். களப்பணியாளர் கண்டுபிடிப்பார், கவுன்சலர் பேசுவார், ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், மேனேஜர் ஒப்புதல் தருவார். மகளுக்கு இதில் ஒரு துண்டுதான். எழுத்தில் விதிமுறை இருக்கும், மாதமொரு முறை கேஸை உட்கார்ந்து அலசுவார்கள். இது பெரிய லாபம். சங்கடம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரியும்: ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் வெளியே மருந்து வாங்கப் பணம் வேண்டும், ஒப்புதல் கையெழுத்தோ காலையில்தான்.

அரசுப் பக்கம் கட்டமைப்பைச் சட்டமே வரைந்துவிடுகிறது. குழந்தைகள் நலக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) குழு முன் நிறுத்த வேண்டும்; சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். அறிக்கை எழுதுவது சமூகப் பணியாளர், முடிவு குழுவினுடையது. எழுதுவதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவிலுள்ள அந்தத் தூரத்தைத் தாங்க முடியாமல் சோர்ந்து போகிறவர்கள் உண்டு. மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டு நெறிகளின்படி, மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. இரண்டுமே ஒப்பந்தப் பணி; 'கவர்ன்மென்ட் வேலை' என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனைப் பணி வேறு மாதிரி. அங்கே டாக்டர்தான் வீட்டுக்காரர், சமூகப் பணியாளர் விருந்தாளி. படுக்கை காலியாக வேண்டும் என்ற அவசரத்துக்கும், நோயாளியை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்ற கேள்விக்கும் நடுவில்தான் வேலை.

ஆள் எண்ணிக்கைக்குச் சட்டத்திலும் விலை உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். ஆறு பேர் இடத்தில் அது இருக்காது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கட்டாயமாவதற்குச் சட்டத்தின் கணக்கு 20 பேர். பெண் பிள்ளையை அனுப்பும்போது முதல் கேள்வி அந்த உள்ளகக் குழுவைப் பற்றியதாக இருக்கட்டும்.

அடுத்தது பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் வழியாகப் பிழைத்த சின்ன அமைப்புகள் இதில் அடிபட்டன. ஆபீஸ் ஆட்களைக் குறைத்த இடங்களில் கணக்கும் ரிப்போர்ட்டும் களப்பணியாளர் தலையில் விழுகின்றன. மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளின் சி.எஸ்.ஆர். பணத்தை (கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவிட வேண்டிய தொகை) நம்பி நடக்கும் திட்டம் என்றால் எந்த மாதம் வரை ஒப்பந்தம் என்று கேட்க வேண்டும். முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்பதால் லாபம் ஏறி இறங்கினால் திட்டமும் ஏறி இறங்கும்.

இன்டர்வியூவில் மகள் கூச்சப்படாமல் கேட்கட்டும்: ஒரு ஆளுக்கு எத்தனை கேஸ், நான் யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், அவர் இதே படிப்புப் படித்தவரா, மேலே கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம், முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார். கடைசிக் கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் வேலை இருபது, முப்பது பேர் உள்ள, கேஸைத் திருத்திச் சொல்ல ஒரு மூத்தவர் இருக்கிற இடமாக இருக்கட்டும். அது அமையவில்லை என்றால் இந்த இரண்டில் பெரியதையே முதலில் எடுக்கலாம். ஃபைல் எழுதும் பழக்கம் அங்கேதான் படியும். படிப்பில் ஒரு மாத பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரே இடத்தில் தொடர்ந்து செய்யும் களப்பயிற்சி) இன்னும் பாக்கி இருந்தால் அதை அந்தச் சின்ன அமைப்பிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கல்லூரிக் கடிதம் தேவைப்படும், அதனால் துறைத் தலைவரை இந்த வாரமே பார்க்கட்டும்.